ஆறுமுகநயினார் கொண்டுவந்த மாலை

நவம்பர் 8, வெள்ளி

காலை ஏழரைக்கே வாசலில் ஆட்டோ சத்தம். ஐஸ் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இறங்கினார்.

"கல்யாண மாலைய வாடாம கண்ணாடிச் சட்டத்துல போட்டுத் தாரது நீங்கதானம்மா?"

தெரு முழுக்கக் கேட்கிற குரல். பெயர் ஆறுமுகநயினார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். குரலுக்குக் காரணம் புரிந்தது.

நேற்று அவருடைய மகள் காந்திமதிக்குக் கல்யாணம். ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு புனேவுக்குப் போகிறாள். அவளுக்குத் தெரியாமல் மாலையை எடுத்து வந்திருக்கிறார். தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகும்போது இதைச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டுமாம்.

"மாப்பிள்ள வீட்ல ஆர்க்கிட் மாலைதான் வேணும்னாக. நான் விடலயே. மார்க்கெட்ல நானே நின்னு பூவப் பொறுக்கிக் குடுத்துக் கட்டச் சொன்னேன். சம்பங்கி, பன்னீர் ரோசு, எடையெடைல மரிக்கொழுந்து. மேடைல அவ கைல எடுத்துக் குடுத்ததும் நாந்தான்."

பூவை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் மணிகளுக்குள் புதைத்து ஒன்பது பத்து நாள் காயவைப்பேன், பிறகு சட்டத்தில் அடுக்கி மேலே ரெசின் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கலரு போயிராதே?" என்று கேட்டார்.

"போகாது சார். நான் பாத்துக்கிடுதேன்."

அவர் இருந்த நேரம் முழுக்க அத்தை அடுக்களை நிலையைத் தாண்டி வரவில்லை. கல்யாணப் பூ வீட்டுக்கு வரும் நாளில் எப்போதும் அப்படித்தான். மாமா இறந்ததிலிருந்து அவர் பூவைத் தொடுவதில்லை. அவருடைய மகன், என் வீட்டுக்காரர், தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது. நான் பூவைத்தான் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதில்லை.

நவம்பர் 9, சனி

மாலையைப் பிரிக்க ஐந்து மணி நேரம். நாரை அறுத்துப் பூக்களை மூன்று தட்டில் போட்டேன். ரோஜா சுலபம். சம்பங்கிதான் சோதிக்கும். சதைப்பிடிப்பான இதழ், உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் காம்பிலும் ஊசியால் குத்தி ஈரம் வெளியேற வழி விட்டேன். அகலப் பெட்டியில் நீல மணிகளைப் பரப்பிப் பூவை அடுக்கி, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு மணி. ஈரம் ஏறினால் நீலம் ரோஸாக மாறிவிடும். அதைப் பார்த்து மணிகளை மாற்ற வேண்டும். மரிக்கொழுந்துக்கு இது தேவையில்லை. தனித்தட்டில் நிழலில் போட்டாலே காய்ந்துவிடும்.

பிய்ந்து உதிர்ந்த இதழ்களை எடுத்து வைத்தேன். வெயில் வந்தால் காயவைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கலாம். வெயில் வருகிற மாதிரி இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஸ்டுடியோ கதிரேசன் போன் பண்ணினார். எனக்கு வருகிற வேலையில் பாதி அவர் படம் பிடிக்கிற கல்யாண வீடுகளிலிருந்துதான். ஆறுமுகநயினாரை அனுப்பியதும் அவர்தான். ஆல்பம் விஷயமாகப் பேசினோம்.

நவம்பர் 12, செவ்வாய்

மதியம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரோஜா நன்றாக வருகிறது. மூடிவைத்தேன்.

மூன்று மணிக்கு ரெசின் வாங்க ஜங்ஷன் வரை போனேன். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வர ஆறரை. வீட்டில் கரண்ட் இல்லை. ரெசின் கிடைக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

மழை. எந்த வேலையிலும் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அலமாரித் துணியை எல்லாம் எடுத்து மறுபடி மடித்தேன். "என்னட்டி, சாமான் ஏதும் தொலைஞ்சு போச்சா?" என்று அத்தை கேட்டார். இல்லை என்றேன். பூ அறைக்குள் போகவே இல்லை.

நவம்பர் 14, வியாழன்

எப்படி எழுதுவது? பெட்டியைத் திறந்ததும் நாற்றம். மணி முழுக்க ரோஸ். ஓர் ஓரத்தில் தண்ணீரே நின்றது. சம்பங்கி பழுத்த வாழைத்தோல் மாதிரி கறுத்துக் குழைந்துவிட்டது. ரோஜாவில் வெள்ளைப் பூஞ்சை. கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. தனியாக வைத்திருந்த மரிக்கொழுந்துதான் மிச்சம்.

பெட்டி ஜன்னலுக்குக் கீழே இருந்தது. திறந்த பெட்டியில் சாரல் அடித்திருக்கிறது. பிறகு மூடியிருக்கிறார்கள். ஈரத்தோடு இரண்டு நாள் அடைந்து கிடந்திருக்கிறது.

அடுக்களைக்குப் போய் அத்தையிடம் கேட்டுவிட்டேன். "பெட்டியத் தெறந்தியளா?"

"எந்தப் பெட்டிய?"

"பூப்பெட்டி. நான் இல்லாதப்ப தெறந்து மோந்து பாத்தியளா அத்தை? வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

அத்தை கையிலிருந்த அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார்.

"நான் எதுக்குட்டி பூவத் தொடப் போறேன்?"

"பின்ன அதுவா தெறந்துக்கிட்டா?"

பாதி நறுக்கிய வெண்டைக்காயை எடுத்துத் தண்ணீரில் போட்டார். வெண்டைக்காயை நறுக்கிய பிறகு அவர் தண்ணீரில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

அத்தை அம்பாசமுத்திரத்துக்கு, மகள் செண்பகத்தின் வீட்டுக்குப் போய்விட்டார். "ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்" என்றார். பையில் நாலு சேலை இருந்தது.

நவம்பர் 16, சனி

ஆறுமுகநயினார் போன். "சும்மாதாம்மா. பூவு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"சம்பங்கி?"

"அதுவும் நல்லா வருது."

"தொந்தரவு பண்ணுதேன்னு நெனச்சிராதிய. அவ போன பொறவு வீடு வெறிச்சுன்னு கெடக்கு. என்னத்தப் பேசன்னு தெரியல, அதான் ஒங்களுக்குப் போட்டேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வாய் வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கதிரேசனிடம் மாலையைக் கிட்டத்தில் எடுத்த படங்களை அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சட்டத்தில் அடுக்க ஒரு மாதிரிக்கு என்றேன். படத்தை வைத்துக்கொண்டு பூ மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். அதே வெளிர் ரோஸ் நிறப் பன்னீர் ரோஜா, அதே அளவுச் சம்பங்கி. பூக்காரம்மா, "கல்யாணமா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூவோடு பஸ்ஸில் வரும்போது எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

செண்பகத்துக்குப் போன் பண்ணினேன். அத்தை தூங்குகிறார் என்றாள். அப்போது காலை பத்து மணி.

நவம்பர் 21, வியாழன்

இந்தத் தடவை பெட்டியை விட்டு நகரவில்லை. மூடியின் நாலு ஓரத்திலும் டேப் ஒட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். மணிகளை மூன்று தடவை மாற்றியாயிற்று.

கெட்டுப்போன பூவைக் குப்பையில் போடக் கை வரவில்லை. பூஞ்சையைத் தட்டிவிட்டு, காகிதத்தில் பரப்பி மின்விசிறிக் காற்றில் காயவிட்டிருக்கிறேன். தேயிலைத்தூள் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

மறுபடியும் ஆறுமுகநயினார். "நாளைக்கு அந்தப் பக்கம் வாரேன். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

புதுப்பூ இன்னும் நாலு நாள் காய வேண்டும். "அடுத்த வாரம் வாங்க சார். முழுசா பாக்கலாம்" என்றேன்.

"சரிம்மா. அடுத்த வாரம்" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் கதிரேசன் போன் பண்ணினார். ஆறுமுகநயினார் இறந்துவிட்டார். காலையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம்.

நவம்பர் 26, செவ்வாய்

போய்விட்டு வந்தேன். வாசலில் அவருடைய பழைய மாணவர்கள் கூட்டம், தலை நரைத்தவர்கள்கூட. அந்தப் பெண் காந்திமதி புனேவிலிருந்து விடிகாலை வந்து சேர்ந்திருக்கிறாள். கையில் கல்யாண மருதாணி இன்னும் போகவில்லை. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுபோன மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

புதுப்பூவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருடத்தில் சம்பங்கி எனக்கு இவ்வளவு வெள்ளையாக வந்ததே இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

தெரியாத எண். எடுத்தால் பெண் குரல்.

"வடிவு அக்காவா? நான் காந்திமதி. டிரில் மாஸ்டர் மக. அப்பா சட்டைப் பையில ஒங்க கார்டு இருந்துச்சு. அம்மா சொன்னாங்க, என் மாலைய ஒங்ககிட்ட குடுத்திருக்காங்கன்னு. நான் அது மண்டபத்துலயே கெடந்து போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஆமாம் என்றேன்.

"பதினாறாம் நாள் முடிஞ்சு மறுநாள், பதினொண்ணாந்தேதி வந்து வாங்கிக்கட்டுமா? பன்னெண்டாந்தேதி ஊருக்குக் கெளம்புறேன்."

சரி என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ரெசின் ஊற்றி இறுகி, தேய்த்து மெருகேற்ற ஒரு வாரம் வேண்டும். நாளைக்கே ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

டிசம்பர் 2, திங்கள்

ஆரம்பிக்கவில்லை. தலைவலி.

டிசம்பர் 3, செவ்வாய்

சட்டத்தைத் துடைத்து, புதுப்பூவைப் படத்தில் உள்ளபடியே அடுக்கினேன். ரெசினைக் கலக்கக் கிண்ணம் எடுத்தேன். வீட்டைப் பெருக்கினேன். மறுபடி கிண்ணத்தை எடுத்தேன். தெருமுனை வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

சாயங்காலம் கதிரேசன் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துபோயிற்று.

"அன்னைக்கு நான் கூப்பிட்டதாலதான் இவ்வளவும்."

"நீங்க கூப்பிட்டிய. வந்தது நான்."

"பதினொண்ணாந்தேதி நானும் வந்து ஒங்க கூட இருக்கேன். சேந்து சொல்லிருவோம்."

"நீங்க வந்தா அது வேற கதையாயிரும். வேண்டாம்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போனார். மூன்று வாரத்துக்கு முன்பு கேட்டதற்கு என்ன பதில் என்று இன்றைக்கும் கேட்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

நவம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். நான் எழுதும் நோட்டு, படிப்பதும் நான்தான். இதில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு ரெசின் வாங்கப் போகவில்லை; ரெசின் வீட்டிலேயே இருந்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காபிக் கடைக்குப் போனேன். கதிரேசன் வரச் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்து மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாகப் போவதைக் கவனித்து எழுந்தேன். முகம் கழுவினேன், சேலையை மாற்றினேன், பிடிக்கவில்லை என்று இன்னொன்று கட்டினேன். மூடியைத் தரையில் வைத்தவள் அதை எடுக்கவே இல்லை. ஜன்னலும் திறந்தபடி.

மழை விடாததால் கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். மழை விடவில்லை என்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். "நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா வடிவு?" என்று கேட்டார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நாற்பத்திரண்டு, எனக்கு முப்பத்தேழு. பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டு. காலில் மூடி தட்டியது. உள்ளே பார்க்காமல் எடுத்துப் பெட்டியை மூடினேன். அத்தை எங்கே போனாய் என்று கேட்டுவிடுவாரோ என்பதுதான் என் மனதில் இருந்தது.

இது எல்லாம் பதினாலாம் தேதி அந்தப் பெட்டியைத் திறந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுக்களைக்குப் போனேன்.

டிசம்பர் 9, திங்கள்

அடுக்கிய புதுப்பூவைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். சட்டம் காலியாக இருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

பதினொரு மணிக்குக் காந்திமதி தனியாக வந்தாள். மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தேன். ஒன்றில் புதுப்பூ. இன்னொன்றில் கறுத்துச் சுருண்டதும் காய்ந்த மரிக்கொழுந்தும். பார்த்ததும் அவள் கை புதுப்பூவை நோக்கிப் போயிற்று.

"அய்யோ, அப்படியே இருக்கே" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் காதில் என் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அது ஒங்க மாலை இல்ல. இதுதான் ஒங்க மாலை."

முழுவதும் சொன்னேன். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனது, கெட்டது, மார்க்கெட்டில் வாங்கியது. எதற்காக வெளியே போனேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரெண்டு தடவ போன் பண்ணினாக. நல்லா இருக்குன்னு சொன்னேன். வந்து பாக்கட்டுமான்னு கேட்டாக. அடுத்த வாரம் வாங்கன்னுட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கலாம்க்கா. அப்பா ஒரு சத்தம் போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். அப்புறம் சிரிச்சிருப்பாங்க. பொய் சொன்னாதான் அவங்களுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்துலயும் அதுக்குத்தான் அடிப்பாங்களாம்."

"தெரியும்மா. தப்பு என்மேலதான்."

"வந்து பாக்கட்டுமான்னு கேட்டிருக்காங்க. அத வேண்டாம்னுட்டீங்களே."

மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவள் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அவள் கறுத்த தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். விரலால் கிளறினாள். ஒரு மரிக்கொழுந்துக் கொத்தை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனவள் மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"வாசன இருக்கு."

"அது காஞ்சாலும் போகாது."

"மேடைல இந்த வாசனதான் அடிச்சுது. அப்பா கிட்ட வந்தப்ப."

சட்டத்தில் போட்டுத் தரட்டுமா, கறுப்பாகவே இருந்தாலும் அழகாக அடுக்கித் தருகிறேன் என்றேன். ரெசின் ஊற்றினால் இந்த வாசனை வெளியே வருமா என்று கேட்டாள். வராது என்றேன்.

"அப்ப வேண்டாம். டப்பா ஏதாவது இருந்தா குடுங்க."

நல்ல மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் எல்லாவற்றையும் துளிகூட விடாமல் போட்டுக் கொடுத்தேன். ஆறுமுகநயினார் கொடுத்த அட்வான்ஸைக் கவரில் வைத்துக் கொடுத்தேன்; வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டேதான போயிருக்காங்க. அத நெனச்சா கோவம் வருது. அதுவே நல்லதுன்னும் தோணுது. என்ன செய்யன்னு எனக்குத் தெரியலக்கா."

போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

காலை பஸ்ஸில் அம்பாசமுத்திரம். செண்பகம் கடைக்குப் போயிருந்தாள். அத்தை பின்கட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் யூனிபாரத்துக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து "வாட்டி" என்றார். ஊசியை நிறுத்தவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "பெட்டியத் தெறந்து போட்டது நாந்தான் அத்தை. தெரிஞ்சேதான் ஒங்களச் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"சன்னல் காத்துல அடிச்சுக்கிட்டு கெடந்துச்சு. நாந்தான் கதவுக்கு வெளிய நின்னு கம்பால தள்ளிச் சாத்துனேன். பெட்டி தெறந்து கெடந்தது தெரிஞ்சுது. உள்ள போயி மூடியிருக்கலாம். கல்யாணப் பூவாச்சேன்னு போகல." நூலைப் பல்லால் கடித்தார். "அந்தத் தப்பு எம்மேலயும் இருக்கு. அதான் நீ கேட்டப்ப வாயத் தொறக்கல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கே போனேன் என்பதையும் சொன்னேன். கதிரேசன் பெயரைச் சொன்னபோது அத்தையின் கை நின்றது. அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது. அல்லது தெரிந்தும், நானே சொல்லிக் கேட்பது வேறாக இருந்ததோ என்னவோ.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒனக்கு இஷ்டமா?"

மகனைப் பெற்றவரிடம் இதை எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்தபடி ஆமாம் என்றேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தார். அடுத்த சட்டையை எடுத்து, பட்டன் இல்லாத இடத்தைத் தேடி, தேடிக்கொண்டே இருந்தார். அதில் எல்லாப் பட்டனும் இருந்தது.

"இங்க என்னால இருக்க முடியாதுட்டி. செண்பகம் நல்லாத்தான் பாக்கா. ஆனா இது அவ மாமியா வீடு."

"ஒங்கள நான் எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டேன் அத்தை."

"அத நீ மட்டும் சொன்னா ஆச்சா?" சட்டையை மடித்து மடியில் வைத்தார். "அந்தப் பையன் வீடு மாடிவீடா, தரைவீடா?"

"மாடி வீடுதான். கீழ ஸ்டுடியோ."

"கீழ படுக்க ஒரு ரூம்பு இருக்குமா? எனக்குப் படி ஏற முடியாது."

தெரியவில்லை என்றேன். கேட்டுச் சொல்லு என்றார். அங்கேயே உட்கார்ந்து போன் போட்டேன். அத்தை காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். கதிரேசனுக்கு முதலில் நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும் ஒரு கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இருக்கிறது, சாமான் போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கே ஒழித்துவிடுகிறேன் என்றார்.